வாயாடியின் கையெழுத்து

பொதுமக்களின் கவனத்துக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நான் இளையோருக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதினேன். பதினாலு வயது அநாதைப் பெண் ஒருத்தி, இறக்கை முளைத்த எருமையில் ஏறிப் போய், ஊர் மழையைத் திருடிய அரக்கனிடமிருந்து அதை மீட்டு வருகிறாள். ஊரில் அவளுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். யார் மிரட்டினாலும் அவள் பதில் ஒன்றே: "மாட்டேன்."

அப்போது என் மகளுக்கும் பதினாலு வயது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அப்பா, இது அனிமேஷன் படமா வரணும். அரக்கன் முன்னாடி அவ 'மாட்டேன்'னு சொல்றதை நான் தியேட்டர்ல பாக்கணும்" என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

வரைவதற்கு ஓர் அனிமேஷன்காரர் கிடைத்தார். தங்கமான மனுஷன். "கண்ணைப் பெரிசு பண்ணணும் சார். இப்ப உலகம் பூரா கண்ணுதான் ஓடுது" என்று வாயாடியின் கண்ணை முகத்தில் பாதி அளவுக்கு இழுத்துவிட்டார். மூக்குக்கு இடமில்லாமல் போயிற்று. எடுத்துவிட்டார். நானும் சரி என்றேன்.

அடுத்து சிறார் கலைஞர் நல அலுவலகம். பதினெட்டு வயதுக்குக் கீழே யார் நடித்தாலும் அங்கே அனுமதி வாங்க வேண்டும். மின்விசிறி கடகடக்கும் அறையில், நெற்றியில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் கண்காணிப்பாளர் அம்மையார்.

"பொண்ணு எங்க?"

"வரைஞ்ச பொண்ணு மேடம். வெறும் படம்."

"படிவத்துல 'வரைஞ்சது'ன்னு கட்டம் இல்லையே. பையன், பொண்ணு, ரெண்டுதான். பையனா?"

"இல்லைங்க, பொண்ணுதான்."

"அப்புறமென்ன? பெத்தவங்க கையெழுத்து?"

"அவ அநாதை. ரெண்டு பேரும் செத்துட்டாங்க."

"எப்படி?"

"நான்தான்... மூணாவது அத்தியாயத்துல..."

அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யறதையும் செஞ்சுட்டு! சரி, தகப்பன்ங்கற இடத்துல நீங்களே போடுங்க."

போட்டேன். அதன் நகல் வீட்டுக்கு வந்தது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மக இருக்கான்னு வாயே திறக்கலையே" என்றாள் மனைவி. விளக்கி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதன்பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தகப்பன் சம்மதம் தேவைப்பட்டது. மாலை ஆறுக்கு மேல் சிறார் வேலை செய்யக்கூடாது என்பதால் நிலவொளியில் நடந்த சண்டை மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாறியது. சம்மதம். வாயாடிக்கு ஹெல்மெட், எருமைக்கு சீட் பெல்ட், பறக்கும் உயரம் இரண்டு அடி. சம்மதம். தினம் ஐந்து மணி நேரம் படிப்பு கட்டாயம் என்பதால் படத்துக்கு நடுவில் நாற்பது நிமிடம் அவள் கணக்குப் போட்டாள். அரக்கன் குழந்தையை அதட்டக்கூடாது என்பதால் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டான். சம்மதம், சம்மதம். கடைசியில், பெரியவர்களை எதிர்த்துப் பேசலாகாது என்று அவளுடைய "மாட்டேன்" போய் "பரிசீலிக்கிறேன்" வந்தது.

அங்கே மட்டும் என் பேனா கொஞ்சம் நின்றது. படம் வந்தால் போதுமடா சாமி என்று அதற்கும் போட்டேன்.

நாலு வருஷம் ஓடிற்று. எல்லா முத்திரையும் விழுந்த அன்று அம்மையார் கோப்பைப் புரட்டி, "அடடா!" என்றார். "விண்ணப்பிக்கறப்ப பதினாலு. இன்னியோட பதினெட்டு ஆயிருச்சு. இனி உங்க சம்மதம் செல்லாது. அவளே வந்து கையெழுத்துப் போடணும்."

"படத்துல இருக்கறவ எப்படிங்க வருவா?"

"அது அப்பா, மக விஷயம். நான் தலையிடக்கூடாது."

வேறு வழி? என் மகளையே கூட்டிப் போய் வாயாடி என்று நிறுத்தினேன்.

"படத்துல மூக்கு இல்லையே?" என்றார் அம்மையார்.

"அது சின்ன வயசுல எடுத்ததுங்க" என்றாள் மகள்.

"ஆமாமா, வளந்தா மாறும்" என்று கோப்பை அவள் பக்கம் தள்ளினார்.

மகள் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். ஒவ்வொரு சம்மதத்துக்கும் கீழே என் கையெழுத்து. அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"போடும்மா. உனக்காகத்தானே இவ்வளவு அலைஞ்சேன்."

"மாட்டேன்."

"அம்மாடி..."

"நீங்க எழுதின பொண்ணு இதுல கையெழுத்துப் போடுவாளா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கப்பா."

நீட்டிய பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

நாலு வருஷம் இழுத்த அலுவலகம் மறுப்பை நாலே நிமிடத்தில் பதிவு செய்து கோப்பை மூடியது. மறுப்புக்குக் கட்டம் இருந்தது. வெளியே காத்திருந்த அனிமேஷன்காரர் விஷயத்தைக் கேட்டுத் துள்ளினார்: "மறுக்கற பொண்ணா? சார், இப்ப உலகம் பூரா அதுதானே ஓடுது!"

அம்மையார் மட்டும் என்மேல் இரக்கப்பட்டு, திரும்பக் கூப்பிட்டு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தந்தார். "மேற்படி நபர் எதற்கும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது." எனக்கென்று எழுதியது என்று நினைத்து ஒரு கணம் கூசிப்போனேன். இல்லை, அச்சடித்த படிவம்தான், பெயரை மட்டும் நிரப்பினால் போதும். அவர் மேஜைக்குப் பின்னால் கூரை முட்டக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் போதும் என்றார்.