பொன்னுரங்கத்தின் ஒருவழி டெலிபோன்

"அலோ, அலோ... பொன்னுரங்கமா? ஒண்ணும் விளங்கலியே. கர்ருனு ஒரே சத்தமா கீது," என்றது டெலிபோன்.

"நான்தான். சம்மதம். வைகாசியில வச்சிக்கலாம்," என்று பொன்னுரங்கம் போட்ட சத்தத்தில் ஐஸ் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"அலோ?" என்றது டெலிபோன்.

மெட்ராஸ் காசிமேட்டிலிருந்து சிங்காரம் பேசுவது கணீரென்று கேட்டது. அவர் இருமுவதுகூடக் கேட்டது. இங்கிருந்து போவதுதான் போகவில்லை.

இறால் வியாபாரத்துக்காகப் பொன்னுரங்கம் போன் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கே 1985-இல் அது ஒன்றுதான் போன். வாங்கிய கையோடு மகள் தேவகிக்கு வரனும் அமைந்தது. சிங்காரத்தின் மகன் அர்ஜுனன், படகு எஞ்சின் மெக்கானிக். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பொன்னுரங்கம் மட்டும், யோசித்துப் பதில் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பதிலைக் கேட்கத்தான் சிங்காரம் போன் செய்கிறார்.

பொன்னுரங்கத்தின் குரல் லேசுப்பட்டதல்ல. கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அலைக்கு அந்தப் பக்கம் போன படகில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். தூரத்துக்குத் தகுந்தாற்போல் தொண்டையைத் திறக்க வேண்டும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மெட்ராஸ் ரொம்பத் தூரம் என்பதால் முழுசாகவே திறந்துவிட்டார். அப்படியும் எட்டவில்லை.

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே மனைவி செல்வம்மாள் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்.

"இந்த ஆளுக்குக் காது அவுட்டு போலக்கீது. அந்த மீசையக் கவனிக்கவே நாள் பூரா சரியாப் போயிடும், காத எங்க கவனிக்கிறது? மூஞ்சில நண்டு உக்காந்த மாதிரி."

"சரி, நான் வைக்கிறேன்," என்றார் சிங்காரம், ஏனோ சுருதி குறைந்த குரலில்.

"தேவகி நைனா, பேசாம பஸ் ஏறிப் போய் நேர்ல சொல்லிட்டு வந்துடேன்," என்றாள் செல்வம்மாள்.

"போன் வச்சிருக்கிறவன் பஸ்ல போய் சொன்னா ஊரு சிரிக்கும். பொண்ணப் பெத்தவன் ஓடிப் போய் அவங்க வாசல்ல நின்னா அதுவும் மரியாதை இல்ல. ஒரு மிஷினு, அதச் சரிபண்ணத் தெரியாதா எனக்கு?"

பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் உமர் வரவழைக்கப்பட்டான். அவன் ரிசீவரைத் திருகிக் கழற்றி, பேசும் பக்கத்து வில்லையை எடுத்து, தட்டிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"உப்புக் காத்துண்ணே. உள்ள இருக்கிற கரித்தூள் நமுத்துப் போயிருக்கும். ஒரு வெயில் காட்டுனா சரியாப் போவும்."

குப்பத்தில் வெயில் காட்டுகிற பொருளுக்கு என்று ஓர் இடம் உண்டு. நெத்திலி காயும் பாயில் வில்லையையும் வைத்தார்கள். பாயில் காய்வதெல்லாம் மீன் என்று நினைக்கும் காக்கை ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஆறு பேர் கலங்கரை விளக்கம் வரைக்கும் துரத்தினார்கள். அது கீழே போட்டபோது வில்லை கொஞ்சம் நசுங்கியிருந்தது. உமர் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

புதன்கிழமை மணி அடித்தது. ரிசீவரில் ஏறியிருந்த கருவாட்டு நெடி தாங்காமல் பொன்னுரங்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சம்மதம்," என்று அலறினார்.

"முந்திக்கு இப்ப கர்ரு ஜாஸ்தியா கீது," என்றார் சிங்காரம். "நான் பேசறது கேக்குதானு தெரியல. கேட்டா கேட்டுக்கோ. வெள்ளிக்கிழம கடைசியா ஒரு தபா பண்றேன். அன்னிக்கும் பதில் இல்லன்னா உனுக்கு இஷ்டம் இல்லனு வச்சிக்குவோம். சுண்ணாம்புக்குளத்துல ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க. அதப் போய்ப் பார்ப்போம்."

இதைப் பொன்னுரங்கம் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னதும், கதவோரம் நின்ற தேவகியின் முகம் செத்துப்போயிற்று.

"நைனா, எனக்கு அந்த வூடுதான். வேற யாரையும் கூட்டிக்கினு வராத."

"உன் நைனா கீறான்ல, நீ போ," என்று அவளை அனுப்பிவிட்டு, ரிசீவர் காதில் இருக்க, செல்வம்மாளிடம் புகைந்தார். "அந்த வூட்டுக்கு இவ்ளோ ஆசப்படுது பாரு. நாம அங்க போன அன்னிக்குக் குழம்பு ஊத்தினாங்களே, மீனத் தேடவே தனியா ஒரு வலை போடணும். எனக்கு வந்தது ஒரு வாலு."

மறுமுனையில் வளையல் சத்தம் கேட்டது. யாரோ "உஸ்" என்றார்கள். பிறகு லைன் கட்டானது.

வியாழக்கிழமை முழுக்க யோசித்துக் கோளாறை அவரே கண்டுபிடித்தார். ஒரு ஆள் குரல் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை ரிசீவரின் வாயில் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கரைவலை இழுக்கும் ஆட்களில் நல்ல தொண்டையாகப் பார்த்து ஐந்து பேரை நிறுத்தினார்.

"நான் கைய காட்டினதும் எல்லாரும் ஒண்ணா 'சம்மதம்'. வலை இழுக்கிறப்ப போடற மாதிரி, அடிவயித்துலருந்து வரணும்."

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. பொன்னுரங்கம் கையைக் காட்டினார். எழுந்த சத்தத்தில் ஏரிக்கரையில் மேய்ந்த நாரைகள் பறந்தன. ஷெட்டுக்குள் ஓர் ஐஸ் பாளம் சரிந்தது.

"யப்பா, காது போச்சே," என்று சிங்காரம் அலறியது நன்றாகக் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். தேவகி வீட்டுக்குள் போனாள். பொன்னுரங்கம் ரிசீவரும் புனலுமாக ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கியது. செல்வம்மாளே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"போச்சு செல்வம். நல்ல பையன். தங்கம். நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பயந்தான். இவள மெட்ராஸுக்கு அனுப்பிட்டு நான் எப்டி சோறு துன்னுவேன்? அந்தப் பையன் இங்க வந்து நம்ம கூட இருக்கிறேன்னு சொன்னா நாளைக்கே கட்டி வச்சிடுவேன். இந்த ஊர்ல எஞ்சின் பார்க்க ஆளா கீது? ஆனா இதப் போய் வெளிய கேக்க முடியுமா? மானம் போவும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிசீவருக்குள்ளிருந்து மெல்ல 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. லைன் கட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்று பேர் மணலில் நடந்து வந்தார்கள். முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஓர் ஆள். யாரென்று பொன்னுரங்கத்துக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மீசை இல்லாத சிங்காரம் அவர். பின்னால் அர்ஜுனன், தலையில் டிரங்குப் பெட்டி, கக்கத்தில் படுக்கைச் சுருட்டு, தோளில் ஸ்பானர் பை. கடைசியாகச் சிங்காரத்தின் மனைவி, இரண்டு கையாலும் தூக்க முடியாமல் ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு.

"வைகாசி நாலு. இன்னா சொல்ற?" என்றார் சிங்காரம்.

பொன்னுரங்கத்துக்கு மூச்சு திரும்பியது. கதவுக்குப் பின்னால் தேவகியின் கொலுசு ஓடியது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செல்வம்மாளைப் பார்த்தார்.

"பாத்தியா? நீ பஸ்ஸுல போவச் சொன்ன. அஞ்சு பேரு, ஒரு புனலு. சம்மதம்னு காசிமேடு வரைக்கும் போய்ச் சேந்துச்சா இல்லியா?"

சிங்காரம் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அவர் மனைவி தூக்குச்சட்டியைப் பொன்னுரங்கத்தின் முன்னால் இறக்கி வைத்து மூடியைத் திறந்தாள்.

"நீங்க கத்தினது ஒரு எழுத்தும் விளங்கலண்ணே, மெதுவா பேசினதுதான் பக்கத்துல நின்னு பேசறாப்ல கேட்டுச்சு, மூச்சு விடாம கேளுன்னு இவர் வாயப் பொத்தினதே நான்தான். உக்காருங்க, இன்னிக்குக் குழம்புல வலை போட வேணாம்."