பத்தொன்பது ஜோடிக்கு ஒரு பெஞ்சு

பெஞ்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வாசல் இடைவெளியில், இரண்டு சுவர்களுக்கும் நடுவே, ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாகச் சிக்கிக்கொண்டு நின்றது. அதற்கு இந்தப் பக்கம் சுத்தியலோடு சுன்பே. அந்தப் பக்கம், சந்தையிலிருந்து திரும்பிய அவர் மனைவி ஓக்ரான், இரண்டு கையிலும் முள்ளங்கிப் பையோடு.

"அளந்துதான் செஞ்சேன். சுவர்தான் நேரா இல்ல" என்றார் சுன்பே.

"நான் எப்படிங்க உள்ள வர்றது?"

"தாண்டி வா."

ஓக்ரானுக்கு அறுபது வயது. இடது முட்டியில் தேய்மானம். பைகளை முதலில் உள்ளே கொடுத்தாள். பலகையைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மற்றக் காலையும் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தது அவள்தான்.

சுன்பே தென் கொரியாவின் ஜொஞ்சு நகரப் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். நவம்பருக்குள் வீட்டில் அவர் திருத்தாத இடம் வாசல் ஒன்றுதான். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. கீழே செருப்பு வைக்க இரண்டு தட்டு, மேலே உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான் பெஞ்சு. கட்டம்போட்ட தாளில் வரைந்து, அடியில் தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

குடியிருப்புக் காவலாளி போங்கை மேலே அழைக்கவேண்டி வந்தது. இரண்டு பேருமாக இழுத்ததில் பெஞ்சு வந்தது. கூடவே முழ நீளத்துக்குச் சுவரில் ஒட்டியிருந்த அலங்காரக் காகிதமும் வந்தது.

சுன்பே இரண்டு விரற்கடை அறுத்தார். உள்ளே போனது, ஆனால் ஆடியது. ஒரு காலைக் குறைத்தார். மறுபக்கம் ஆடியது. அந்தக் காலையும் குறைத்தார். நாலாம் நாள் பெஞ்சு குளியலறை முக்காலி உயரத்துக்கு இறங்கி, ஆடுவதை நிறுத்தியது. கீழ்த்தட்டு தரையில் இடித்ததால் அதைப் பிடுங்கிப் போட்டார். பிறகு ஓக்ரானை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்.

ஒரு தட்டு போனதால் இடமும் பாதியானது. செருப்புகளை எல்லாம் கூடத்தில் செய்தித்தாள் விரித்து அடுக்கி எண்ணினார். அவருடையது நாலு ஜோடி, அவளுடையது பத்தொன்பது. பெஞ்சில் எட்டுக்குத்தான் இடம்.

"கால் ரெண்டுதானே உனக்கு? எதுக்குப் பத்தொன்பது?"

"எதைப் போட்டாலும் முட்டி வலிக்குதுங்க. ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன்."

"வேண்டாததை ஒழிச்சுடு. தினம் ரெண்டா ஒழிச்சாக்கூடப் போதும்."

அவள் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

உயரத்தைக் கூட்ட, நாலு காலுக்கும் அடியில் கட்டை ஒட்டினார். மறுநாள் காலை ஓக்ரான் அதன் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தபோது ஒரு கட்டை பெயர்ந்து பெஞ்சு குடை சாய்ந்தது. இடுப்பு தரையில் மோத விழுந்தாள். செருப்புகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் உட்கார்ந்ததுதான் பிசகு என்று சுன்பே அவளுக்கு விளக்கினார். அன்று மாலையே பெஞ்சுக்கு மேலே 'நடுவில் உட்காரவும்' என்று அறிவிப்பு ஒட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் திருப்தி. செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. பத்தொன்பது பதினைந்தானது, பிறகு ஒன்பது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு நல்ல திட்டம் வீட்டையே மாற்றிவிடும் என்று, கூடப் பணியாற்றிய ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னார்.

வியாழக்கிழமை ஓக்ரான் கடலோர ஊரான யோசுவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். குளிர்காலத்துக்கு கிம்ச்சி ஊறுகாய் போட உதவி வேண்டுமாம். வர நாளாகும் என்றாள். சூப்பைச் சூடு பண்ணும் விதத்தைச் சொல்லிவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, நின்றபடியே செருப்பை மாட்டிப் போனாள்.

அன்று மதியம் சுவரில் கிழிந்த காகிதத்துக்கு ஒட்டுப்போட உட்கார்ந்தபோதுதான், பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புத் திட்டைப் பார்த்தார். ஈரம் கசிகிறது என்று போங்கைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். போங் தடவிப் பார்த்தார்.

"ஈரம் இல்ல சார். கை பட்டுப் பட்டு ஆன அழுக்கு. அம்மா தினம் இங்கதான் கை ஊனுவாங்க. வாசல்ல எதையாவது கொடுக்க வர்றப்போ பார்த்திருக்கேன்."

போங் போன பிறகு சுன்பே அந்தத் திட்டின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். விரல்கள் தெரியும் அளவுக்குப் பதிந்திருந்தது. வெகுநாள் முன்பு, மகள் வயிற்றில் இருந்தபோது, வாசலில் ஒரு மணை போட்டுத் தரும்படி அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. சுவர் இருக்கிறதே என்று தான் சொன்னதும் வந்தது.

அறிவிப்பைக் கிழித்தார். பெஞ்சை முழுக்கப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை தாளில் வரையவில்லை. ஓக்ரான் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டு நாற்காலியைக் கொண்டுவந்து, அதன் உயரத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டார். பெஞ்சின் கால்களை அகட்டி வைத்து, பழையபடி இரண்டு தட்டும் போட்டார். எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்தார். மூன்று நாள் தேய்த்து, தன் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்தாலும் அசையவில்லை.

அவருடைய நாலு ஜோடியையும் கீழ்த்தட்டில் வைத்தார். மேல்தட்டு காலியாக இருந்தது. போட்டுக்கொண்டு போன ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒழித்துவிட்டாள், தன் பேச்சைக் கேட்டு. அது நெஞ்சில் உறுத்தியது. முட்டிக்கு இதமாக ஒரு ஜோடி தானே வாங்கி, அவள் வரும்போது அங்கே வைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. போங்கை அழைத்தார். போங் உட்கார்ந்து, எழுந்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். நல்லா வந்திருக்கு சார் என்றார். பிறகு காலித் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அம்மாவோட செருப்புப் பெட்டி ஆறையும் நான்தான் வண்டியில ஏத்திவிட்டேன் சார், எல்லாம் யோசுவுக்குப் பத்திரமாப் போயிருக்கும். அங்க வீடு பார்த்தாச்சுன்னு அம்மா சொன்னாங்க. நீங்க எப்போ சார் அந்தப் புது வீட்டுக்குக் கிளம்புறீங்க?"