பரணில் ஏறிய புரதம்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் நன்றாகவே வரும். ஆரம்பித்த பொய்யை எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

அப்போது கொடைக்கானலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்களின் குழந்தைப்பேறு பற்றிய ஆராய்ச்சி. சோர்ந்து கிடக்கும் விந்தணுக்களை ஒரு மனிதப் புரதம் நீந்த வைக்குமா என்று பார்ப்பது என் வேலை. அந்தப் புரதத்தை மனிதர்களிடமிருந்து எடுப்பதில்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே செய்ய வைப்பார்கள். இதையெல்லாம் மேல்மலையில் பூண்டு போடும் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? அதிலும், ஐந்து வருடமாகப் பிள்ளையில்லை என்று அண்ணியை மட்டும் ஊர் ஊராக வைத்தியத்துக்கு இழுத்துக்கொண்டிருந்த வீட்டில்?

“பூண்டு ஆராய்ச்சிப்பா” என்று சொல்லிவிட்டேன். (ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பூண்டுத் தாள் மஞ்சளாகிறதே, என்ன மருந்து அடிக்கலாம் என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. நானும் வெட்கமே இல்லாமல் பதில் சொன்னேன்.)

கடைசிச் சோதனைக்கான புரதம் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பி, உள்ளே சில சொட்டுகள். கெட்டுப்போனால் மறுபடி வரவழைக்க மாதக்கணக்காகும், என் பட்டமும் அத்தோடு தள்ளிப்போகும். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலைப்பாதையில் மரம் விழுந்து, கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரைத் தாண்டும்போதே சாயங்காலம். ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. சாவி என் வழிகாட்டியான மேடத்திடம், மேடமோ வெளியூரில். “வீட்டு ஃப்ரீசர்ல ஐஸ்கட்டிக்கு நடுவுல வை, திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்” என்றார் போனில்.

வீட்டுக்குப் போனதும் அப்பா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “என்னத்தா இது, இத்தினிக்காணு?”

“விதைப்பூண்டுச் சத்துப்பா. புது ரகம். உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்கு.” (இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.) “கெட்டுப்போச்சுன்னா எம் படிப்பே போச்சு.”

“நான் கெட விட்ருவனா? நீ நிம்மதியாப் படு.”

அந்தப் பதிலில் இருந்த பாசம்தான் எனக்குத் தெரிந்தது. ஆபத்து தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ்கட்டி மட்டும் இருந்தது.

“வெள்ளனேயே எடுத்துட்டேன்” என்றார் அப்பா, பெருமையாக. “விதைப்பூண்ட எவனாச்சும் ஐஸ்ல வைப்பானா? ஈரத்துல அழுகிப் போகும்ல. பரண்ல ஏத்திட்டேன்.”

எங்கள் பக்கத்தில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில்தான் தொங்கவிடுவோம். புகை பட்டால் பூச்சி அரிக்காது, அழுகாது. விடிந்ததிலிருந்து அம்மா அந்த அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். ஏறிப் பார்த்தேன். இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில், நாரில் முடிச்சுப் போட்டு, என் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் டீ டம்ளர் மாதிரி சுட்டது. உள்ளே கஞ்சித்தண்ணியாகக் கலங்கியிருந்தது.

பரணில் நின்றபடியே கத்தினேன். “அது பூண்டே இல்லப்பா! ஆம்பளைங்க விந்தணுவ ஓட வைக்கிற புரதம்! புள்ள இல்லன்னா ஆம்பளகிட்டயும் கொறை இருக்கலாம், அதச் சரிபண்ண முடியுமான்னுதான் பாக்குறோம்!”

கீழே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி நால்வரும் நின்றிருந்தார்கள். அண்ணன் மட்டும், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். எங்களுக்கு மாடு கிடையாது.

திங்கட்கிழமை அப்பாவும் ஒரு மூட்டைப் பூண்டோடு என்கூடக் கிளம்பி வந்தார். “புள்ள மேல குத்தமில்லைங்க மேடம். நாந்தான் தெரியாமப் புகை போட்டுட்டேன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நல்ல புரதம் வேலை செய்யுதுன்னு காட்டணும்னா, வெந்துபோன புரதம் வேலை செய்யாதுன்னும் காட்டணும்ங்க. அந்தப் பாதிய நீங்க முடிச்சுட்டீங்க.” பிறகு விந்தணுக்களைக் காட்ட அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். “சிலது ஓடுது, சிலது சும்மா கெடக்குங்களே. இதுக்கு டெஸ்ட்டு இருக்குங்களா?”

“சாதாரண டெஸ்ட்தாங்க.”

“அப்ப மருமகப் புள்ளயத்தான் அஞ்சு வருசமா அலைய விட்டோமாக்கும்” என்றார், கண்ணை எடுக்காமலே.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கோ மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே பூண்டு, பூண்டு என்று திரிந்திருக்கிறேன்.

புதுக் குப்பி வந்தது. சோர்ந்து கிடந்தவற்றில் சில நன்றாகவே நீந்தின. புகை குடித்த புரதத்தில் போட்டவை அசையவில்லை. (முறைப்படி தனியாக ஒன்றையும் வேகவைத்துப் பார்க்கச் சொன்னார் மேடம்.) இது மருந்தாவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. பட்டம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

அண்ணன்தான் டெஸ்ட்டுக்குப் போகாமல், “தோட்டத்துல சோலி கெடக்கு” என்று நாளைக் கடத்தினான். ஒருநாள் அப்பா வாசலில் நின்றுகொண்டு, “வெரசாக் கெளம்புறியா, இல்ல உன்னயும் பரண்ல ஏத்தவா?” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். குறை அவனிடம்தான் இருந்தது. சரிசெய்யக்கூடியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சிகிச்சை நடக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள், குளிக்கச் சோம்பல் படுகிறவர்கள் எல்லாருக்கும் அதே மிரட்டல்தான். தினமும் காலையில் மாத்திரையும் தண்ணீருமாக அண்ணன் முன்னால் போய் நிற்கிறார் அண்ணி. “முழுங்குறீங்களா, பரண்ல ஏத்தவா?” என்று அவர் கேட்பது தெருமுனை வரை கேட்கிறது.