எதிர்க்கடையைக் காலி செய்யச் சொல்லி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதுவது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மருந்துக் கடையும் நன்றாக நடக்கிறது, வயிறுதான் எரிகிறது. அதற்குக் கடையில் இருக்கிற எந்த மருந்தும் கேட்கவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் கடைக்கு எதிரே உங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிற சலூனை உடனே காலி செய்யச் சொல்லுங்கள்.

வாடகை ஒழுங்காகத்தானே வருகிறது என்பீர்கள். வருகிறது. காரணம் உங்கள் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார். நகம் வெட்டுங்கள் என்றால் நாளைக்கு என்பார். கழுத்து வலிக்கக் கூடாதே என்று கடையிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தேன், அதன் மேல் ரிமோட்டை வைத்துக்கொண்டார். வெந்நீரில் காலை வையுங்கள் என்று வாளியோடு போய் நின்றால், "எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?" என்று ஒரு முறைப்பு. இதே மனிதர் வாரா வாரம் அந்தச் சலூனில் என்ன கோலத்தில் கிடக்கிறார் தெரியுமா? நான் கல்லாவில் நின்றபடி பார்க்கிறேன், நடுவில் தெருவும் இரண்டு கண்ணாடியும்தான். நெற்றியில் ஆவி பறக்கும் துண்டு, கால் இரண்டும் வெந்நீர்த் தொட்டியில், சலூன்காரர் தலையை அமுக்க அமுக்க உங்கள் மாப்பிள்ளை பேசுகிறார் அண்ணா! கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்! வீட்டில் 'ம்', 'ஊஹூம்' தவிர வேறு எழுத்தே தெரியாதவர். பேசி முடித்து, சிரித்த முகத்தோடு தூங்கியும் போகிறார். இதைப் பார்த்துக்கொண்டே நான் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுப்போக்கு மருந்தை எடுத்துக் கொடுக்க, அவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததால் மானம் தப்பியது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். சலூன்காரர் பிளாஸ்திரி வாங்க வந்தவர், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"சாருக்குத் தோள்பட்டை இப்போ பரவாயில்லையா மேடம்?"

"எந்தத் தோள்பட்டை?"

"இடதுதான். கையைத் தூக்கவே முடியலைன்னாரே. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கவே பயமா இருக்குன்னும் சொல்லிட்டிருந்தாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரே!" என்றேன். சொல்லவில்லை அண்ணா. தெருவில் உள்ள தோள்பட்டைகளுக்கெல்லாம் களிம்பு கொடுக்கிறேன், என் வீட்டுத் தோள்பட்டை வலிப்பது எனக்குத் தெரியவில்லை. வலியைக்கூட விடுங்கள். பயமாக இருக்கிறது என்று ஒரு ஆண்பிள்ளை சொல்வது சாதாரண விஷயமா? அதைக் கத்தரிக்கோல் வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்!

சலூன்காரர் செய்வதை நான் செய்ய முடியாதா என்று வீம்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இவரை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். துண்டை நனைத்து மைக்ரோவேவில் சூடாக்கி முகத்தில் போட்டேன். முதல் நாள் அதில் மீன் சூடாக்கியது நினைவில்லை. "என்ன இது, குழம்புக்குள்ள முங்கின மாதிரி இருக்கு?" என்றார். பேசாதீர்கள், கண்ணை மூடுங்கள் என்று எண்ணெயை உச்சியில் ஊற்றித் தேய்த்தேன். அது எண்ணெய் இல்லை, மூட்டுவலித் தைலம். மருந்துக் கடைக்காரி புட்டி மாற்றி எடுத்தாள் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள். "ஐயோ, எரியுதுடி!" என்று குளியலறைக்கு ஓடியவர், உள்ளே இருந்து கத்தினார்: "அவரு ஒருநாளும் இப்படிப் பண்ணதில்ல!"

இதைக் கேட்டபிறகு எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். சலூன்காரர் வெளியே போயிருந்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பெண்களுக்கு பார்லர் நடத்துகிறார். "வந்துடுவாரு மேடம், உக்காருங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கீங்க, பாவம்" என்று நாற்காலியைத் திருப்பினார். என்னைப் பாவம் என்று யாராவது சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! உட்கார்ந்தேன். அவர் கை தலையில் பட்டது. அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சலூன்காரரின் குரலும், கூடவே உங்கள் மாப்பிள்ளையின் குரலும் கேட்டன.

"வீட்டுல பேச வேண்டியதுதானே சார்?"

"எங்க பேசறது? பக்கத்துல போய் நின்னாலே 'என்ன வேணும்?'னு கேக்குறா. கடையில கேக்குற அதே குரல்ல."

அண்ணா, எழுந்து போய் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் பிடரியில் கட்டைவிரலை வைத்தார். அவ்வளவுதான். என் குறட்டையை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கண் விழித்தால் உங்கள் மாப்பிள்ளை, கழுத்தில் சலூன் துணியோடு என் முன்னால் நிற்கிறார்.

"வீட்டுல என்னைக்காவது இப்படித் தூங்கியிருக்கியா நீ?" என்னிடம் கேட்டுவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினார். "என்னம்மா பண்ணுனீங்க? உங்ககிட்ட என்ன சொன்னா?" இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதே எரிச்சல் அண்ணா, என்னுடைய அதே எரிச்சல். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் திரும்பினால் இவர் முறைக்கிறார், இவர் திரும்பினால் நான் முறைக்கிறேன். குடும்பம் நடத்துகிற லட்சணமா இது? ஆகவே காலி செய்யச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், சலூனுக்கு உங்கள் நோட்டீஸ், மூன்றும் சீக்கிரம் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இவர் கடைக்கு வந்துவிட்டார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டார். 'என்ன வேணும்?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். சின்ன வேலைதான். உனக்குக் கௌரவக் குறைச்சலா இருக்குமோன்னு..." என்று இழுத்தார். பிறகு, "இதை நான் இன்னும் சலூன்லகூட சொல்லல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்றவர்கள் மருந்துச் சீட்டை ஆட்டினார்கள், ஆட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், அவர்களைக் காலி செய்ய வேண்டாம். எதிர்ப்பக்கம் சலூன்காரர் கையில் சீப்போடு வாசலுக்கே வந்து நின்று, நாங்கள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.