வாசனைக்கு மேல் வாசனை

வாசகரே, காரில் ஏறி ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கை முகத்தில் வைத்து அழுத்தினாற்போல ஒரு நாற்றம் வந்தால் என்ன செய்வீர்கள்? எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பீர்கள். அப்படிப் பார்க்காமல், அதன் தலைமேல் இன்னொரு வாசனையைத் தூக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற ஓர் இனம் உலகில் இருக்கிறது. அதற்கு வாசனை வைத்தியர் என்று பெயர். வைத்தியம் பார்ப்பதெல்லாம் வாசனைக்குத்தான். நோயின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

நாம் சந்திக்கப்போகும் வைத்தியர் தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்குத் தலைவர். குழாய் உடைந்துவிட்டது என்று யாராவது எழுதினால், ‘தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் போடுவார். மறுபடி எழுதினால் அந்தப் பதிலைச் சுட்டிக்காட்டி இன்னொரு பதில், அதற்கும் மசியாவிட்டால் முன் சொன்ன இரண்டு பதில்களையும் இணைத்து மூன்றாவது பதில் என்று, எழுதியவர் வேறு வீட்டுக்குக் குடிபோகும்வரை விடமாட்டார். இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு குழாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. மேஜையில் இடமில்லாத புகார்களை வீட்டில் படிப்பதாகச் சொல்லி எடுத்துவந்து, காரின் டேஷ்போர்டு பெட்டியில் திணிப்பார். படித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏசியைப் பற்றி முதல் புகார் மனைவியிடமிருந்து வந்தது.

“என்னங்க, ஏசில ஏதோ அழுகின வாடை வருது. ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க.”

“கவனிக்கிறேன்.”

கவனித்தார். கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை ஒன்று தொங்கியது. மறுவாரம் எலுமிச்சையும் சேர்ந்து அழுகியது போலிருந்ததால், அதை அடக்க ரோஜா வாசனை ஸ்ப்ரே. ரோஜாவைச் சமாளிக்க ஒரு வனிலா டப்பா. வனிலா திகட்டுகிறது என்று சீட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் காபித்தூள். பிரேக் போட்டபோது அது கவிழ்ந்ததால், ஷூவுக்குள் அடிக்கிற ஸ்ப்ரேயில் அரை டின். மனைவி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

“பஸ்ல மட்டும் மணக்குதா?” என்று கேட்டார்.

“வியர்வை நாத்தம்தான். ஆனா வியர்வைன்னு தெரியுது.”

அதற்குள் வைத்தியரின் மூக்கு ராஜினாமா செய்துவிட்டது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாற்றம் ஒழிந்தது என்று புகார்க் கோப்பை மூடினார்.

இப்படி மூன்று மாதம் ஓடியபிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவருடைய ஒரே மகள் மூன்று வருடமாக மனசில் வைத்திருக்கும் பையனின் அம்மா, “குடும்பத்தை ஒரு தடவை நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்” என்று ரயிலேறி வந்தார். சரி என்பதும் வேண்டாம் என்பதும் அந்த அம்மாள் வாயில் இருந்தது. வைத்தியர் காலையிலேயே எல்லா ஸ்ப்ரேயையும் ஒரு சுற்று அடித்து, ஜன்னல்களை ஏற்றிவிட்டு, மகளோடு ஸ்டேஷனுக்குப் போனார்.

அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தார். முதல் சிக்னலில் கைக்குட்டையை எடுத்தார்.

“கண்ணாடிய கொஞ்சம் இறக்கலாமா?”

“வெளிய ஒரே தூசிங்க.”

இரண்டாவது சிக்னலில் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

“ஏதோ வாடை வருதே?”

“ரோஜாங்க.”

“அதுக்கு அடியில?”

“வனிலா.”

“அதுக்கும் அடியில?”

அதற்கும் அடியில் என்ன என்று இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

“ஒண்ணுமில்லைங்க.”

“இருக்கு அத்தை,” என்றாள் பின்சீட்டிலிருந்து மகள். “நாத்தம்தான். மூணு மாசமா இருக்கு. அம்மா பஸ்ல போறாங்க. அப்பா மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறார்.”

“வண்டிய ஓரமா நிறுத்துங்க,” என்றார் அம்மாள்.

தொலைந்தது கல்யாணம் என்று நினைத்தார் வைத்தியர். பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நிறுத்தினார். அம்மாள் இறங்கினார். ஆனால் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவோரம் குனிந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார்.

“இருபது வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறேன். குழந்தைங்க வைக்காத நாத்தமா?”

கோப்புகளை அள்ளிச் சீட்டில் போட்டார். பெட்டியின் இரண்டு பக்கமும் அமுக்கினார்; அது தொங்கியது. பின்னாலிருந்த மூடியை நெம்பி ஃபில்டரை உருவினார். கன்னங்கரேலென்று வந்த அதன் மேல் ஓர் எலிக்கூடு குடும்ப வசதிகளோடு உட்கார்ந்திருந்தது. பஞ்சுக்குப் பதில் காகிதம். நல்ல, அரசாங்க முத்திரை குத்திய காகிதம். அம்மாள் ஒரு துண்டைப் பிடித்து இழுத்து உரக்கப் படித்தார்:

“‘...குழாய்த் தண்ணீரில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஒரு முறையாவது நேரில் வந்து பார்க்கவும்...’ யாருக்கு எழுதினது இது?”

“தங்கள் கடிதம் கவனத்தில்...” என்று ஆரம்பித்தார் வைத்தியர். படிக்காமல் வைத்த புகாரை எலியாவது பிரித்திருக்கிறதே!

முதலில் சிரித்தது மகள். அப்புறம் அம்மாளும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. கேட்டா உள்ளதைச் சொல்லுது. சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி போங்க.”

நான்கு ஜன்னலும் இறங்கின. வைத்தியர் பின்சீட்டில் எலிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, வழிநெடுக ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தார்.

என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை என்கிறீர்களா, வாசகரே? அவரும் அதைத்தான் சொன்னார். மூக்கை நம்பாதீர்கள், அது பழகிவிடும். உங்கள் வீட்டில் யார் யார் பஸ்ஸில் போகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.