ஆண்மையுள்ள டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. படிக்கட்டு முழுக்க ஆண்கள். எல்லோரும் மீசைக்காரர்கள், எல்லோரும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள், எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு குட்டி பாட்டில். பாட்டிலுக்குள் என்ன? எச்சில். காலையில் பல் தேய்க்கும் முன் துப்பிய சுத்தமான எச்சில். அதில்தான் இந்த ஆண்களின் உயிரணுக்களை, மேலே கடை விரித்திருக்கும் அலையார் எண்ணப் போகிறார்!

உயிரணுவை எதற்கு எச்சிலில் தேட வேண்டும் என்கிறீர்களா? கேட்காதீர்கள். வாசலில் போர்டே இருக்கிறது: "சந்தேகப்படுபவர்களுக்கும் பெண்களுக்கும் அனுமதி இல்லை." இரண்டு பேரும் ஒரே ரகம் என்று அலையாருக்குப் பட்டறிவு சொல்லியிருக்க வேண்டும்.

அலையாருக்கு வெள்ளைக் கோட்டு உண்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் உண்டு, நெஞ்சு வரை தாடியும் உண்டு. தாடியை நம்பாதவன் கோட்டை நம்புவான், கோட்டை நம்பாதவன் தாடியை நம்புவான். ஆண்களுக்கான கருத்தடைக்கு மாத்திரை, ஊசி, பூசுகிற களிம்பு என்று உலகமெங்கும் ஆராய்ச்சி நடப்பதாகப் பத்திரிகையில் வந்ததல்லவா? அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, கீழே எழுதியிருந்தார்: "அவர்கள் இன்னும் தேடுகிறார்கள். அலையார் கண்டுபிடித்துவிட்டார்." ஒன்பது உலோகம் கலந்த ஒரு மோதிரம். போட்டுக்கொண்டால் உயிரணு தூங்கிவிடும், கழற்றினால் விழித்துக்கொள்ளும். கத்தியில்லை, ரத்தமில்லை. விலை மட்டும் அரை மாதச் சம்பளம்.

வரிசையில் பதினோராவது ஆள் நம்ம லேத்காரர். இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து பாகங்கள் செய்கிறவர். அளவு ஒரு தலைமுடி கனம் கூடினாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். முதலாளியே வந்து "அளவு சரியா இருக்குப்பா" என்றாலும் தன் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு துண்டைக்கூட வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவர் அலையாரின் மோதிரத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கினார். பட்டறையில் கைவிரலில் மோதிரம் போடக் கூடாது, சுழலும் இரும்பில் சிக்கினால் விரலோடு போய்விடும். அலையாரோ ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது என்றிருந்தார். அதனால் கால் கட்டைவிரலில் மாட்டி, மேலே ஷூ போட்டுக்கொண்டு இரண்டு மாதமாக நொண்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். அவருக்குக் காரணம் இருந்தது. மூன்றாவது பிரசவத்தில் அவர் மனைவி பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு முறை கருத்தரித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா கைவிரித்துவிட்டார். இருதயம் பலவீனம், அவளுக்கு மாத்திரையும் ஆகாது, மயக்க மருந்தும் தாங்காது.

"நீங்கதான் பண்ணிக்கணும். சின்ன ஆபரேஷன். மரத்துப்போக ஒரு ஊசி, அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா.

லேத்காரருக்கு வேர்த்துவிட்டது. ஆறு மாதம் முன்னால் இரும்புச் சுருள் கிழித்து உள்ளங்கையில் ஏழு தையல் போட்டபோது ஒரு முனகல்கூட விடாத மனிதர். "புதுசா ஏதோ மருந்து ஆராய்ச்சி நடக்குதாமே, அது கிடையாதா?" என்று கேட்டார்.

"நடக்குது. இந்த ஆஸ்பத்திரியிலயே நடக்குது. ஆனா அது பலிக்குமா, எவ்வளவு நாளைக்குன்னு இன்னும் எங்களுக்குத் தெரியாது. தலைவலி வரலாம், முகத்துல பரு வரலாம். உங்க வீட்டு நிலைமைக்கு அதை நம்பி இருக்க முடியாது."

வெளியே வந்ததும் லேத்காரர் மனைவியிடம் முணுமுணுத்தார்: "தெரியாதுன்னு சொல்றாங்க. இவங்கல்லாம் ஒரு டாக்டரா?" அந்த ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. தலைவலி வரலாமாம்! மனைவிகள் பத்து வருடம் தலைவலியோடு மாத்திரை விழுங்கினால் அது குடும்பப் பாங்கு. ஆணுக்கு ஒரு பரு என்றால் அது மனித குலத்துக்கே ஆபத்து.

நேராக அலையாரிடம் போனார். அலையார் "தெரியாது" என்ற சொல்லை வாழ்நாளில் சொன்னதில்லை. "நூத்துக்கு நூறு" என்றார். வேறென்ன வேண்டும்?

அவர் மனைவிக்கு அது போதவில்லை. போல்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. மோதிரம் வந்த நாளிலிருந்து அவளுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பிள்ளைகள் படுத்தார்கள்.

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சனிக்கிழமை காலை கேட்டார் லேத்காரர்.

"உங்க மேல இருக்கு. கால் கட்டைவிரல் மேல இல்ல. சாகப்போறது நான்தானே?"

அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்: "காலையில மைக்ரோமீட்டரை எடுத்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மாஸ்டர் பீஸ வெச்சுப் பாப்பேன்." அளவு ஏற்கெனவே தெரிந்த இரும்புக் கட்டைக்குப் பட்டறையில் அப்படித்தான் பெயர்.

"எதுக்கு?"

"கருவி சரியா காட்டுதான்னு தெரியணும்ல? தெரிஞ்ச அளவையே தப்பா காட்டுனா, தெரியாததுக்கு அதை எப்படி நம்புறது?"

"அலையார் டம்ளருக்கு யாராவது மாஸ்டர் பீஸ் வெச்சுப் பாத்தீங்களா?"

லேத்காரர் மறுநாளைக்கு எடுத்துவைத்திருந்த காலி பாட்டிலைப் பார்த்தார்.

"நாளைக்கு பாட்டில்ல என் எச்சில எடுத்துட்டுப் போங்க. எனக்கு உயிரணு எத்தனை இருக்கும்?"

"உனக்கு ஏதுடி? ஒண்ணும் இருக்காது."

"தெரிஞ்ச அளவு. இது ஆம்பளை எச்சிலே இல்லன்னு உங்க ஐயா சொல்லிட்டா, மோதிரத்துக்கு நானே கும்பிடு போடுறேன். எண்ணிட்டாருன்னா, நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாரு பாரு!" என்றார் லேத்காரர். மனதார நம்பித்தான் சொன்னார். அலையார் ஜெயிக்க வேண்டும் என்று அந்த ஊரிலேயே அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான்.

மேலே ஹாலில் இரண்டு தட்டு. இடது தட்டில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், வலது தட்டிலும் அப்படியே. பாட்டிலில் பாதியை இடது டம்ளர் தண்ணீரில் ஊற்றுவார்கள், அலையாரின் மச்சான் மூன்று சொட்டு மருந்து விடுவான், தண்ணீர் கருநீலமாகும். "விழிச்சிருக்கு!" பிறகு அலையார், மாதாமாதம் வலு குறைந்துவிடும் என்று சொல்லி, மோதிரத்தைத் தடவி அலை ஏற்றுவார். மீதிப் பாதி வலது டம்ளருக்கு, அதே மூன்று சொட்டு, நீலம் ஏறாது. "தூங்கிடுச்சு!" வீட்டில் துப்பிய எச்சில், இங்கே மோதிரத்தைத் தடவியதும் பாட்டிலுக்குள்ளேயே குறட்டை விட்டுவிடுமாம். இதைக் கண்ணால் பார்த்துக் கை தட்டினார்கள் இருநூறு பேர்.

கை தட்டாதவன் ஒருவன்தான், மூலையில் நின்ற பெயிண்டர். மோதிரம் போட்ட நாலாம் மாதம் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். ஓடிவந்து கேட்டதற்கு அலையார் தாடியைத் தடவி, "மோதிரம் பொய் சொல்லாது. வீட்டுல விசாரி" என்றார். பெயிண்டர் விசாரித்தான். எப்படி விசாரித்தான் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள்.

லேத்காரர் முறை வந்தது. பாட்டிலை நீட்டினார். இடது டம்ளர். மூன்று சொட்டு. கருநீலம்.

அலையார் மைக்கைப் பிடித்தார். "ரெண்டு கோடி! இன்னைக்கு வந்ததுலயே அதிகம்! சிங்கம்யா நீ!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிங்கத்தின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"ஐயா," என்றார் மெதுவாக, "அது என் சம்சாரத்தோட எச்சிலுங்க."

அலையார் கண்ணை மூடித் திறந்தார். "கட்டின பெண்டாட்டிதானே? புருஷன் அலை ஒட்டியிருக்கும்."

"ஆமா, ஒட்டியிருக்கும்ல!" என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. ஏமாற்றுகிறவன் ஒரு பங்கு மெனக்கெட்டால், ஏமாறுகிறவன் மீதி ஒன்பது பங்கைத் தானே சுமக்கிறான்.

லேத்காரரும் சுமந்திருப்பார். ஆனால் 'சாகப்போறது நான்தானே' என்ற குரல் காதிலேயே நின்றது. மாஸ்டர் பீஸில் தப்பு காட்டிய கருவியை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. குனிந்தார். ஷூவைக் கழற்றினார், மோதிரத்தை உருவி மேஜைமேல் வைத்தார், வலது தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தூவென்று துப்பினார். மச்சான் கையிலிருந்த சொட்டுக்குப்பியைப் பிடுங்கி மூன்று சொட்டு விட்டார். நீலம் ஏறவில்லை.

"மோதிரம் கழட்டியாச்சு. இது ஏங்க தூங்குது?"

"அது... பழைய அலை..."

"சரிங்க." இடது தட்டிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்தார். அதில் யாரும் துப்பவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து மூன்று சொட்டு விட்டார். கருநீலம்!

"இதுல யார் எச்சிலும் இல்ல. இந்த டம்ளருக்கு எத்தனை கோடிங்க ஐயா?"

முன்வரிசையில் ஒருவன் அந்தத் தண்ணீரைத் தொட்டு முகர்ந்தான். சலவைக் கடைக்காரன். "யோவ், இது துணிக்குப் போடுற கஞ்சிய்யா! சொட்டு மருந்து, காயத்துக்குப் போடுற அயோடின்! கஞ்சில பட்டா நீலமாத்தான் ஆகும்!"

போலீஸைக் கூப்பிட யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. லேத்காரருக்குப் பின்னால் நாலாவதாக எச்சில் பாட்டிலோடு நின்றவரே ஏட்டய்யாதான். பாட்டிலைப் பைக்குள் தள்ளிவிட்டு, "நான் ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகத்தோடதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அலையாரின் கோட்டைப் பிடித்தார். பெயிண்டர் மோதிரத்தை இடது டம்ளருக்குள் போட்டுவிட்டு, படியிறங்கி, பஸ் நிற்கும் பக்கம் ஓடினான். அவள் கதவைத் திறந்தாளா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

திங்கட்கிழமை லேத்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "முடிஞ்சுதா? இனி பயமில்லையே?" என்று எழுந்தவரை நர்ஸம்மா உட்கார வைத்தார். "அவசரப்படாதீங்க. மூணு மாசம் ஆணுறை போட்டுக்குங்க. அப்புறம் மாதிரி கொண்டுவாங்க. எண்ணிப் பாத்து, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சப்புறம்தான் நம்பணும்."

"எச்சிலா?"

"எச்சில் எதுக்குங்க?" நர்ஸம்மா விழித்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது லேத்காரர் சோதனைக்கூடத்துப் பெண்ணிடம் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்: "அம்மா, உங்க கருவி சரியா காட்டுதான்னு எப்படிப் பாப்பீங்க?" அவள் கோபப்படவில்லை. "தெரிஞ்ச மாதிரியை வெச்சு சரிபாத்துட்டுதான் தினமும் ஆரம்பிப்போம்" என்றாள். லேத்காரருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. எண்ணிக்கை பூஜ்யம். அன்று அவர் வீட்டில் மூன்று பிள்ளைகளும் சுவரோரமாகப் படுத்தார்கள்.

அலையார் உள்ளே இருக்கிறார். ஆனால் கஞ்சியும் அயோடினும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன, தாடியும் தானாகவே வளர்கிறது. நாளைக்கு உங்கள் தெருவிலும் ஒருவன் மாடி பிடிப்பான். பாட்டிலோடு வரிசையில் நிற்கும் முன், யாரும் துப்பாத டம்ளரில் மூன்று சொட்டு விடச் சொல்லிப் பாருங்கள். அப்படிக் கேட்க ஆண்மை தேவையில்லை, அறிவு இருந்தால் போதும்.