பச்சை எரியுது, சிவப்பு எரியுது

விளக்கு வைக்கிறவர் என்று ஒரு மனித இனம் உண்டு. இருட்டைப் போக்க வைக்கிற விளக்கைச் சொல்லவில்லை. அதை யாரும் வைப்பார்கள். இவர் வைப்பது, ஒரு பொருள் வேலை செய்கிறது என்று நமக்கு அறிவிக்கிற விளக்கு. மிளகு அளவு இருக்கும். சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும். வேறு ஒரு பயனும் கிடையாது.

மேலப்பாளையத்து மீரா முகைதீன் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஜங்ஷன் கடைவீதிக்குப் போய் ஒரு பொட்டலம் நிறைய சுவிட்சும் குட்டி விளக்கும் வாங்கிவந்து, கைலியை மடித்துக் கட்டி, ஈயம் பற்றவைக்கிற கோலைக் காயவைத்து உட்கார்ந்துவிட்டார் என்றால், வீட்டில் பேட்டரி போட்டு ஓடுகிற எந்தப் பொருளும் அன்று தப்ப முடியாது. டார்ச்சுக்கு ஒரு விளக்கு வைத்தார். டார்ச் எரிகிறது என்று அது காட்டும். ரேடியோவில் இருக்கிற சுவிட்சு போதாது என்று இன்னொன்று வைத்தார். பழைய சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் புதியதைப் போட வேண்டும். வாசல் மணிக்கு உள்ளே ஒரு விளக்கு. மணி அடித்தால் எரியும்.

"மணி அடிச்சாத்தான் காதுல கேக்குதே, இது எதுக்குங்க?" என்றாள் மனைவி கமர் நிஷா.

"ஒரு அடையாளம் வேணும்லாட்டி? காது தப்பாக் கேக்கும். லைட்டு பொய் சொல்லாது."

விடியுமுன் பஜ்ர் தொழ எழுந்திருக்கும்போது, யாரும் தொடாத பொருள்கள் எல்லாம் அலமாரியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதைத் தினமும் பார்க்கிறவள் கமர் நிஷா. பொருளை அணைத்தாலும் பச்சை விளக்கு அணையாது. உள்ளே பேட்டரி இருக்கிறது என்பதைக் காட்டக் கணவர் அதைச் சுவிட்சுக்கு முன்னாலேயே இணைத்திருந்தார். பேட்டரி இருப்பதைக் காட்டிக் காட்டியே அது பேட்டரியைத் தின்று தீர்க்கும். மீரா முகைதீனைக் கேட்டால், "இப்ப வாற பேட்டரி எல்லாம் வெறும் தகரம்" என்பார். இந்த இனம் தன் விளக்கை ஒருநாளும் சந்தேகிக்காது.

அடுத்த வீட்டில் இருப்பவர் அவருடைய அக்காள் ஆபிதா பீவி. விதவை. ஒரே மகன் உசாமா சார்ஜாவில் ஒரு அரபியின் கடையில் இருந்தான். பல காலம் அலைந்து கிடைத்த வேலை. விட்டால் மறுபடி கிடைக்காது. அவன் பேசி அனுப்புகிற கேசட்டைக் கேட்க ஒரு டேப் ரிக்கார்டரும் அனுப்பியிருந்தான். தம்பி சும்மா விடுவாரா? பேட்டரி இருப்பதைக் காட்டப் பச்சை ஒன்று, பெட்டி ஓடுவதைக் காட்டச் சிவப்பு ஒன்று வைத்துக் கொடுத்தார். கரண்டு வயரைச் செருகுகிற துளை சிவப்பு விளக்குக்குக் கச்சிதமாக இருந்தது. வயரைத் தூக்கிப் போட்டுவிட்டார். அதோடு அது பேட்டரியில் மட்டும் ஓடுகிற பெட்டியானது.

பெட்டி பல வாரம் அலமாரியில் பச்சையாக எரிந்துகொண்டே கிடந்தது. பிறகு ஒருநாள் கேசட் வந்தது. அன்று மதியமே பக்கத்துத் தெரு முகம்மது இப்ராஹிம் சார்ஜாவுக்குக் கிளம்புகிறான். பதிலைப் பேசி அவனிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உம்ம்ம்மாஆஆ... நாஆஆன்... நல்லாஆஆ..." என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அல்லா! எம்புள்ளைக்கு நாக்கு இழுத்துட்டே!" என்று ஆபிதா பீவி மார்பில் அடித்துக்கொண்டார்.

"பேட்டரியை மாத்திப் பாருங்களேன்" என்றாள் கமர் நிஷா, பைய.

"பேட்டரி போயிருந்தா லைட்டு எரியுமாட்டி?" மீரா முகைதீன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தீர்ப்புச் சொன்னார். "லாத்தா, பச்சை எரியுது, சிவப்பு எரியுது. மெஷின்ல குறை ஒண்ணும் கிடையாது. குறை பையன்ட்டத்தான் இருக்கு."

அந்த மிளகு விளக்குக்கு ஒரு துளி மின்சாரம் போதும். பேட்டரி தீர்ந்து, கேசட்டைச் சுற்றுகிற மோட்டார் தள்ளாடுகிற நிலையிலும் அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கும். இதை யார் அவருக்குச் சொல்வது?

ஆபிதா பீவி அதே பெட்டியில் வேறு கேசட் போட்டு அழுதுகொண்டே பதில் பேசினார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் வாப்பா. வேலையை விட்டுட்டு அடுத்த பிளேன்ல ஏறிரு." கேசட் இப்ராஹிமோடு பறந்தது.

தளர்ந்து ஓடுகிற பெட்டியில் பதிந்ததை நன்றாக ஓடுகிற பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? குரல் தலைதெறிக்க ஓடும். சில நாளில் எதிர்வீட்டு போனுக்கு உசாமா கூப்பிட்டான். மாமா மீரா முகைதீன்தான் அக்காளோடு ஓடிப்போய் எடுத்தார்.

"மாமா, உம்மாவுக்கு என்ன ஆச்சு? பூனைக்குட்டி மாதிரி கீச்சு கீச்சுன்னு மூச்சு விடாமப் பேசுதாங்க! நான் அரபிகிட்ட சொல்லிட்டேன், ஊருக்குப் போறேன்னு. நாளைக்குக் கணக்கு முடிக்கான்."

"ஒனக்கு நாக்கு எப்படிலே இருக்கு?"

"எந்நாக்குக்கு என்ன?"

ஆபிதா பீவி போனைப் பிடுங்கினார். மகன் குரல் கணீரென்று இருந்தது. "ஏலே, நீ நல்லாருக்கியா?" "நீங்க நல்லாருக்கீங்களா உம்மா?" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டு அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். "ஓடு வாப்பா, உம்மாக்கு சொகமாயிட்டுன்னு அரபிகிட்டச் சொல்லு!" என்றார் அவர். அரபி நல்ல மனுஷன். வேலை போகாமல் தப்பியது.

வீட்டுக்கு வந்து கமர் நிஷா புதுப் பேட்டரி போட்டாள். அதே கேசட்டில் உசாமா படபடவென்று பேசி நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டான்.

"ஒன் லைட்டு எரியணும்னு எம்புள்ளை சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியேலே!" என்றார் ஆபிதா பீவி.

மீரா முகைதீன் ஒரு வாரம் யோசித்தார். திருந்திவிட்டார் என்றுதான் கமர் நிஷாவும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனுக்குப் போய் மஞ்சள் விளக்கு ஒன்று வாங்கிவந்தார். பச்சையும் சிவப்பும் உண்மை சொல்லுகின்றனவா என்று காட்டுவதற்கு.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டில் ஒருத்தி, "எனக்கு என்னமோ முடியலை" என்றாளே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சூடு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரவில்லையா?